மெத்தை மாமா

வாயில் பல் துலக்கும் பிரஷ், முகவாயில் வழியும் நுரை, நீட்டிய இடது கையில் கைபேசி. குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறார் அண்ணன். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. கைபேசித் திரையில் ஒரு விமானம், கூரையைப் பிய்த்துவிட்டு மேலிருந்து பார்த்தாற்போல, கட்டம் கட்டமாக விரிந்து கிடக்கிறது. முன்பக்கத்துப் பெரிய கட்டங்களில் கறுப்பு அடித்திருந்தால் ஆள் உண்டு, வெள்ளையாக இருந்தால் காலி. "ஏர்லைன்காரன் ஆறு சீட்டைக் காலியா வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான் பாரு. விடறானா? விடமாட்டான். நாம அசந்த நேரமாப் பாத்து விடுவான்," என்று நுரையோடு பேசுகிறார். வெளியிலிருந்து அண்ணி கதவைத் தட்டுகிறார்.

"உள்ள ஆள் இருக்கு."

"அது தெரியும். எப்ப காலியாகும்னு சொன்னா நானும் காத்துக்கிட்டிருப்பேன்."

அண்ணனுக்கு ஐம்பத்து மூன்று வயது. தண்ணீர் மோட்டார் செய்யும் தொழிற்சாலையில் கொள்முதல் அதிகாரி. ஆணி, போல்ட், பேரிங், ரப்பர் வளையம் எதுவும் அவர் கையெழுத்து இல்லாமல் உள்ளே வராது. மூன்று இடத்தில் விலை கேட்காமல் அவர் எதையும் வாங்கியதில்லை. மூவரில் குறைந்த விலை சொன்னவரையும் கூப்பிட்டு, எதிரில் உட்காரவைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, "இது உங்க கடைசி விலை இல்லன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிஞ்ச ரெண்டு பேரு எதுக்கு நடிக்கணும்?" என்பார். வியர்த்து விறுவிறுத்து எதிராளி இறங்கிவருவார். இறங்கியபின் மின்விசிறி சுழலும். இந்த வித்தையைத்தான் அவர் பல வருடமாக ஆகாயத்தின் மேலும் காட்டிவருகிறார்.

வெளிநாட்டு விமானங்களில் முன்பக்கம், நாற்காலி நீண்டு கட்டிலாகிவிடும் பிசினஸ் கிளாஸ் இருக்கை ஒன்றில், அதற்குரிய விலையைக் கொடுக்காமல் போய்ப் படுப்பது. அண்ணனுடைய வாழ்க்கை லட்சியம் இவ்வளவுதான். வேறு லட்சியம் எதுவும் இருந்ததாக அவருக்கு ஆகாதவர்கள்கூடச் சொல்லமாட்டார்கள்.

அதற்கு வழி, பாயின்ட். கார்டைத் தேய்த்தால் பாயின்ட் சேரும். சேர்ந்த பாயின்ட்டை விமான நிறுவனத்திடம் கொடுத்தால், விற்காமல் மிஞ்சும் ஒன்றிரண்டு இருக்கைகளை, அவர்களுக்கு மனமிருந்தால், அவர்கள் சொல்லும் தேதியில் தருவார்கள். அந்த மனம் இளகும் நேரத்துக்காக அண்ணன் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருப்பார். பாயின்ட் சேர்ப்பதற்கு அவர் செய்யாதது இல்லை. தொழிற்சாலைக்கு வாங்கும் சின்னச் சாமான்களைத் தன் கார்டில் வாங்கி, பிறகு அலுவலகத்தில் பணம் பெற்றுக்கொள்ள முதலாளியிடம் அனுமதி வாங்கி வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மாடி வீட்டுக்காரரின் கார் பழுதுபார்த்த செலவு, கூட வேலை செய்பவரின் மகள் கல்யாணத்துக்கு மண்டப வாடகை எல்லாம் அவர் கார்டு வழியாகவே போகும். பல்பொருள் அங்காடியில் வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்கும் முன்பின் தெரியாத அம்மாளிடம், "நீங்க கேஷா எங்கிட்ட குடுத்துடுங்கம்மா, நான் கார்டுல போட்டுடறேன்," என்று கை நீட்டுவார். அந்த அம்மாள் பையை இறுக்கி அணைத்துக்கொண்டு காவலாளியைத் தேடுவாள். அண்ணனுக்கு அவமானமெல்லாம் கிடையாது. "மக்களுக்கு நல்லது சொன்னா புரியாது," என்று அடுத்தவரிடம் போவார்.

இத்தனை பாடுபட்டு எங்கே போகிறார் என்று கேட்கக்கூடாது. அண்ணன் ஊருக்குப் போகிறவர் அல்ல, இருக்கைக்குப் போகிறவர். எந்த விமானத்தில் எந்த இருக்கை புதிதாக வந்திருக்கிறதோ அது எங்கே போகிறதோ அங்கே போவார். ஒருமுறை கடல் தாண்டி ஒரு பெரிய நகரத்துக்குப் போய், விமான நிலையத்தின் ஓய்வறையிலேயே சாப்பிட்டுக் குளித்துத் தூங்கி, வெளியே எட்டிக்கூடப் பார்க்காமல் அதே விமானத்தில் திரும்பிவந்தார். "ஊர் எப்படி இருந்தது?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். "ஊரா? ஊருக்கு யாரு போனா?" என்று நிஜமான வியப்போடு திருப்பிக் கேட்டார். "ஆனா ஷவர்ல தண்ணி நல்ல சூடு."

ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து இருக்கைக்காரரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "நீங்க என்ன குடுத்தீங்க?" என்பது. அவர் முழு விலை கொடுத்தவர் என்று தெரிந்துவிட்டால் அன்றைய பயணம் சொர்க்கம். படுக்கை அத்தனை மெத்தென்று இருப்பதற்குக் காரணம் பஞ்சு இல்லை, பக்கத்து ஆள் ஏமாந்ததுதான் என்று அண்ணி சொல்வார்.

வீடு அந்த விமானங்களின் மிச்சத்தில்தான் நடக்கிறது. வீட்டில் எல்லார் காலிலும் சாம்பல் நிறக் காலுறை. உறவுக்காரர் யாராவது இரவு தங்கினால், மார்பில் விமானச் சின்னம் தைத்த பைஜாமா கொடுப்பார். விமானத்தில் கொடுக்கும் சின்னச் சின்னப் பைகளில் அண்ணி நூல்கண்டும் ஊசியும், மாத்திரையும், பழைய சாவிகளும் போட்டுவைத்திருக்கிறார். அண்ணி அந்த இருக்கையில் ஒரே ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. இருவருமாகப் புறப்பட்ட ஒரே பயணத்தில் பாயின்ட்டுக்குக் கிடைத்தது ஒரு இருக்கைதான். அண்ணன் முன்னால் படுத்தார், அண்ணி பின்னால் கழிப்பறைப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்தார். "நடுவுல ஒருதடவை திரையை விலக்கிக்கிட்டு வந்தாரு. கைக்குட்டையில சுத்தி கொஞ்சம் முந்திரிப்பருப்பு குடுத்தாரு. ஜெயில்ல இருக்கறவங்களைப் பாக்க வர்ற மாதிரி ரெண்டு நிமிஷம் நின்னாரு. 'சூடா இருக்கு, சாப்பிடு'ன்னாரு. போயிட்டாரு." அண்ணி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அடிக்கடி சொல்வார்.

அண்ணனுக்கு ஒரே தங்கை. கல்யாணமாகிப் பல வருடமாக வெளிநாட்டில் இருக்கிறாள். ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. விரித்த படுக்கையில் தன் இரண்டு பாதங்களும் தெரிய, பின்னணியில் ஜன்னலும் மேகமுமாக அண்ணன் அனுப்பும் புகைப்படங்கள் அவளுடைய கைபேசியை அடைத்துக்கொண்டிருக்கும். முகம் தெரியும் படம் ஒன்றுகூட இருக்காது. அவளுடைய மகள் சின்ன வயதிலேயே அவருக்கு 'மெத்தை மாமா' என்று பெயர் வைத்துவிட்டாள். அண்ணனுக்கு அந்தப் பெயரில் பெருமைதான். தொழிற்சாலை வரைக்கும் கொண்டுபோய்ப் பரப்பியதே அவர்தான்.

அண்ணன் வீட்டில் உண்மையிலேயே படுத்துக்கொண்டு பயணம் செய்யவேண்டிய ஆள் ஒருவர் இருந்தார். அது அப்பா.

அப்பா எலக்ட்ரீஷியன். நாற்பது வருடம் ஏணி மேல் நின்றே சம்பாதித்தவர். கடைசியில் முதுகெலும்பு தேய்ந்து, அரை மணி நேரத்துக்கு மேல் நாற்காலியில் உட்கார முடியாமல் ஆனது. நிற்கலாம், படுக்கலாம், கொஞ்சம் நடக்கலாம். உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து கால் கட்டைவிரல் வரைக்கும் கம்பியைச் சொருகியதுபோல் இழுக்கும். அப்பாவின் வைத்தியச் செலவும் அண்ணன் கார்டில்தான் போனது. "போன தடவை ஸ்கேன்ல மட்டும் நாலாயிரம் பாயின்ட்," என்று அண்ணன் ஒருநாள் எல்லாருக்கும் முன்னால் கணக்குச் சொல்ல, ஹாலில் குப்புறப் படுத்திருந்த அப்பா தலையைத் தூக்கி, "கேட்டுக்கங்க, எம்புள்ள என் முதுகுல ஏறித்தான் ஆகாயத்துல போறான்," என்றார். அண்ணனும் சேர்ந்து சிரித்தார்.

தங்கை அங்கே சொந்தமாக ஒரு வீடு வாங்கினாள். பழைய வீடு. அதைப் பார்க்கவேண்டும் என்பது அப்பாவின் ஆசை. வரவேற்பறையையோ தோட்டத்தையோ காட்டினால் அவருக்குப் போதாது. வீடியோவில் பேசும்போதெல்லாம், "மெயின் போர்டைத் தொறந்து காட்டு," என்பார். அவள் மாடிப்படிக்கு அடியில் குனிந்து மின்பெட்டியைத் திறந்து காட்டுவாள். அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "எவனோ அவசரத்துல பண்ணியிருக்கான். நான் வந்து பாக்கற வரைக்கும் அடுப்பையும் வாஷிங் மெஷினையும் ஒண்ணா போடாத," என்பார். அவள் போடுவதில்லை. இன்றுவரை போடுவதில்லை.

பதினான்கு மணி நேரம் உட்கார்ந்து வர அப்பாவால் ஆகாது. படுத்துக்கொண்டு வரலாம். "நானே டிக்கெட் எடுத்துடறேண்ணா, கடன் வாங்கினாலும் பரவாயில்ல," என்றாள் தங்கை. அண்ணன் அதைக் கேட்டுத் துடித்துப்போனார்.

"முழு விலைக்கா? பிசினஸ் கிளாஸை முழு விலைக்கா? நான் ஒருத்தன் இங்க உயிரோட இருக்கறப்பவா? நாளைக்கு ஆபீஸ்ல தெரிஞ்சா நான் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கறது?"

"ஆபீஸுக்கு எதுக்குத் தெரியணும்?"

"நானே சொல்லிடுவேனே, பாப்பா. எனக்கு வாய் நிக்காதே."

அந்தப் பலவீனத்தை மட்டும் அவர் மறைத்ததில்லை.

ஆகவே காத்திருந்தார்கள். அண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அப்பா அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் காலையில் அவளுக்கு அழைப்பு வந்தது. "கெடச்சிடுச்சு பாப்பா! நேரா வர்ற ஃப்ளைட்டு. எங்கயும் எறங்கி ஏற வேண்டியதில்ல. ரெண்டு சீட்டு, எனக்கும் அப்பாவுக்கும், பக்கத்துப் பக்கத்துல." பின்னால் அப்பாவின் குரல் கேட்டது: "அதுல குப்புறப் படுக்கலாமான்னு கேளுடா." அண்ணன் அந்த இருக்கையின் வீடியோவைப் போட்டுக் காட்டினார். அப்பா ஹால் சோபாவில் நீளத்தை அளந்து, குப்புறப் படுத்து, இரண்டு பக்கமும் கையைத் தொங்கப்போட்டுப் பார்த்து, "தாராளமா போகும்," என்று தீர்ப்புச் சொன்னார். அன்றைக்கே பெட்டியை எடுத்துவைத்தார். நான்கு சட்டை, மாத்திரை, ஒரு துண்டில் சுருட்டிய டெஸ்டர், இரண்டு ஸ்க்ரூ டிரைவர், கறுப்பு டேப் ஒரு சுருள். பேத்திக்கு என்ன கொண்டுவருகிறீர்கள் என்று அவள் கேட்டதற்கு, "அவ ரூமுல ஒரு சுவிட்ச் லூசா இருக்குன்னு சொன்னாளே," என்றார்.

புறப்படுவதற்கு இன்னும் சில வாரம் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் டிக்கெட் எடுத்தபின் கைபேசியை மூடிவைத்திருப்பார்கள். அண்ணன் எடுத்தபின்னும் தேடினார். வாங்கிய பொருளுக்கு வாங்கியபின்னும் விலை கேட்பது அவர் தொழில் கொடுத்த வியாதி. தேடியதில் அதே பாயின்ட் செல்லும் இன்னொரு நிறுவனத்தின் விமானம் அகப்பட்டது. வழியில் ஒரு இடத்தில் இறங்கி ஏறவேண்டும். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு பாயின்ட் போதும். அதோடு அந்த இருக்கைக்குக் கதவு உண்டு. இழுத்து மூடிக்கொண்டால் தனி அறை.

அதை வாங்குவதற்கு வேண்டிய பாயின்ட் முதல் டிக்கெட்டில் மாட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் முதல் டிக்கெட்டை ரத்து செய்தார். ரத்து செய்த பாயின்ட் உடனே திரும்பிவராது, இரண்டு நாள் ஆகும் என்று திரை சொன்னது. இரண்டு நாள்தானே என்று இவர் காத்திருந்தார். பாயின்ட் வந்து சேர்ந்தபோது கதவு வைத்த இருக்கையை வேறு யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். பதறிப்போய்ப் பழைய விமானத்துக்கு ஓடினார். அங்கே இவர் விட்ட கட்டங்கள் இரண்டும் கறுப்பாக இருந்தன.

தங்கைக்கு இதைச் சொன்னவர் அண்ணி. அவளே அண்ணனைக் கூப்பிட்டாள்.

"கையில இருந்ததை எதுக்குண்ணா விட்ட?"

"மூணுல ரெண்டு பங்குதான் பாப்பா. யாரா இருந்தாலும் மாத்தியிருப்பாங்க."

"யாரும் மாத்தியிருக்க மாட்டாங்க."

"அதுக்குக் கதவு இருக்கு, தெரியுமா? உள்ள இருந்து மூடிக்கலாம். நீ பாத்திருக்கணும்."

"அப்பாவுக்குக் கதவு எதுக்கு?"

"சரி விடு. மறுபடி விடுவான். சீசன் முடியட்டும், கொட்டுவான் பாரு," என்றார், மழைக்குக் காத்திருப்பவரைப்போல.

அவள் அப்பாவிடம் பேசினாள். இனி கேட்கப்போவதில்லை, தானே எடுத்துவிடப் போவதாகச் சொன்னாள். அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வேணாம்மா. ஒடிஞ்சு போயிடுவான். இந்த ஒண்ணுலதான் அவன் கெட்டிக்காரன். அதையும் புடுங்கிட்டா அவன் என்ன பண்ணுவான்? நான் எங்க போயிடப்போறேன், இருக்கேன்ல." அப்பாவின் பேச்சை மீறி அவள் பழகியதில்லை. பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது.

சீசன் முடிந்தது. கொட்டவில்லை. அடுத்த சீசனும் வந்து போனது. மின்விசிறியை நிறுத்தினாலும் விமான நிறுவனத்துக்கு வியர்க்கவில்லை. கடைசியில், எட்டு மாதத்துக்குப் பிறகு, மீண்டும் இரண்டு இருக்கை அகப்பட்டது. அதே நேர் விமானம், முதலில் கேட்டதைவிடக் கொஞ்சம் கூடுதல் பாயின்ட். இந்தமுறை அண்ணன் யாரையும் கூப்பிட்டுக் கத்தவில்லை. அப்பாதான் தங்கையிடம் சொன்னார்: "கன்ஃபார்மாம். இனிமே அவன் போனைப் பத்து நாளைக்கு ஒளிச்சு வைக்கணும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். போர்டைத் திறந்து காட்டச் சொன்னார். அவள் காட்டினாள்.

விமானத்துக்கு ஐந்து வாரம் இருந்தபோது, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஹால் சோபாவில் குப்புறப் படுத்த அப்பா, அண்ணி தேநீர் கொண்டுவந்து எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை.

தங்கை கையில் கிடைத்த முதல் விமானத்தில் ஏறினாள். எகானமி, நடு இருக்கை, இருபுறமும் பெரிய ஆட்கள், எங்கோ இறங்கி ஏறும் வழி. என்ன விலை என்று பார்க்கவில்லை. அண்ணன் விமான நிலையத்துக்கு வந்திருந்தார். சவரம் செய்யாத முகம், கசங்கிய சட்டை. அவளைப் பார்த்ததும் அவர் உதடு துடித்தது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக அண்ணன் அழப்போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் அவளுடைய பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"எந்த ஃப்ளைட்டு?"

சொன்னாள்.

"அதுவா? அவன் சுத்திக்கிட்டுல்ல வருவான். என்ன குடுத்த?"

அதையும் சொன்னாள். அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ. ஒரு வார்த்தை கேட்டிருந்தா..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, பெட்டியை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமும் அண்ணன் அண்ணனாகவே இருந்தார். வெளியூரிலிருந்து வந்த பெரியம்மா மகனுக்கு, திரும்பிப் போகும் டிக்கெட்டை எப்படி எடுத்தால் பாதியாகும் என்று சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து பாடம் எடுத்தார். பெரியம்மா மகனும் வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டார். அண்ணி தண்ணீர் கொண்டுவந்து வைக்கிற சாக்கில் குனிந்து, "அந்த சோபாவுல உக்காந்துக்கிட்டா இதைப் பேசணும்?" என்றார். அண்ணன் எழுந்து, நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து, பாடத்தைத் தொடர்ந்தார்.

தங்கை அந்த நாட்கள் முழுக்க அண்ணனிடமிருந்து ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். அன்றைக்கு நான் டிக்கெட்டை மாற்றாமல் இருந்திருக்கலாம். அவ்வளவுதான். அவர் அதைச் சொன்னால் அவள் உடனே, பரவாயில்லை விடு, யாருக்குத் தெரியும் என்று சொல்லிவிடுவாள். அந்தப் பதிலை அவள் தயாராகவே வைத்திருந்தாள். சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்தாள். மருந்துக்கடைக்குக் கூடவே நடந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து அப்பாவின் பெட்டியை இழுத்து அவர் கண் முன்னால் திறந்தாள். துண்டைப் பிரித்து டெஸ்டரை எடுத்தாள். அண்ணன் அதை வாங்கிப் பார்த்தார். "இதையெல்லாம் கைப்பையில வச்சா விடமாட்டான். கீழ போற பெட்டியிலதான் போடணும்," என்றார். அவளுக்கு அந்த டெஸ்டரை அவர் மேலேயே வீசலாம்போல் இருந்தது.

அவள் புறப்படுவதற்கு முந்தின மத்தியானம் அண்ணி பேச்சை எடுத்தார். ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். தங்கை பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் சாப்பாட்டு மேசையில் இருந்தார்.

"மாமாவோட டிக்கெட்டு ஒண்ணு இருக்கே. தேதி நெருங்குது. அதை என்ன பண்ணப் போறீங்க?"

"பாக்கலாம்."

"என்னத்த பாக்கறது? உங்க ஆபீஸ்ல அந்த ஸ்டோர்கீப்பரோட அம்மா தவறினப்ப நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க, சர்ட்டிஃபிகேட் அனுப்பினா ஒண்ணும் புடிக்க மாட்டான், பாயின்ட் முழுசா வந்துடும்னு?" அண்ணி அப்பாவின் இறப்புச் சான்றிதழ் நகலைக் கொண்டுவந்து அவர் எதிரில், தண்ணீர்க் குவளைக்கு அடியில் வைத்தார். "நேரா போனைப் போட்டு முடிச்சுடுங்க. அது அங்கயே கெடந்தா மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

அண்ணன் கைபேசியை எடுத்தார். விமான நிறுவனத்தோடு பேசும்போது ஒலிபெருக்கியைப் போட்டுவிடுவது அவர் வழக்கம். தான் ஜெயிப்பதை வீட்டில் நான்கு பேர் கேட்கவேண்டும். நெடுநேரம் இசை ஓடியது. பிறகு ஒரு பெண்குரல், சுறுசுறுப்பாக, வணக்கம் சொன்னது. அண்ணன் டிக்கெட் எண்ணைச் சொன்னார். பார்த்துச் சொல்லவில்லை, மனப்பாடமாகச் சொன்னார்.

"பாத்துட்டேன் சார். பிசினஸ் கிளாஸ், ரெண்டு பேரு. என்ன பண்ணணும் சார், கேன்சலா?"

"கேன்சல் பண்ணா?"

"கொஞ்சம் பாயின்ட் புடிப்போம் சார். கூட வர்றவங்கள்ல யாராவது இறந்துட்டாங்க, ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னா, அதுக்கு சர்ட்டிஃபிகேட் அனுப்பினீங்கன்னா எதுவும் புடிக்க மாட்டோம். உங்களுக்கு அந்த மாதிரி ஏதாவதா சார்?"

அண்ணியின் கை மடிப்பில் நின்றது. தங்கை பெட்டியின் மூடியைப் பிடித்தபடி திரும்பினாள். சொல்லப்போகிறார் என்று நினைத்தாள். யாரோ ஊர் பேர் தெரியாத ஒரு பெண்ணிடம், பாயின்ட்டுக்காகவாவது, அந்த ஒரு வார்த்தை இப்போது அவர் வாயிலிருந்து வந்துவிடும். அண்ணன் தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேதி மாத்தினா?" என்றார்.

"தேதி மாத்தறதுக்கு எதுவும் இல்ல சார். ஒரு வருஷத்துக்குள்ள எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம்."

"அப்ப மாத்திடுங்க."

"எந்தத் தேதிக்கு சார்?"

"கடைசியா எது இருக்கோ அதுக்கு."

விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். தங்கை வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"இருக்கு சார். பக்கத்துப் பக்கத்து சீட்டாவே இருக்கு. ரெண்டு பேருக்கும் மாத்தட்டுமா?"

அண்ணன் தலையாட்டினார்.

"சார்? லைன்ல இருக்கீங்களா? ரெண்டு பேருக்கும்தானே?"

மேசை மேல் கிடந்த கைபேசியைப் பார்த்து அவர் மறுபடியும் தலையாட்டினார்.